இலைக்கு முந்திய பூ

லோகஸ்ட் நடைபாதை, பிலடெல்பியா

மார்ச் கடைசியில் பிலடெல்பியாவின் ஓக் மரங்கள் இன்னும் மொட்டைக் கிளைகளோடுதான் நிற்கின்றன. மேப்பிள் கொம்புகளில் மங்கலான சிவப்பு ஏறியிருக்கிறது. கிட்டே போனால்தான் அது பூ என்று தெரிகிறது. புல்வெளிகளில் குளிர்காலத்துப் பழுப்பு மாறவில்லை. இந்த நேரத்தில்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழக வளாகத்தின் கல் கட்டடங்களுக்கு இடையே சில மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல், உச்சிக் கொம்பிலிருந்து தாழ்ந்த கிளை வரைக்கும் பூத்து நிற்கின்றன. உள்ளங்கை அகலப் பூக்கள். வெள்ளை, ரோஜா நிறம், அடியில் கருஞ்சிவப்பு ஓடிய வெள்ளை. எல்லாம் மக்னோலியா.

இலையில்லாமல் பூப்பது நமக்குப் புதிதல்ல. எங்கள் தென்காசிப் பக்கம் மாசியில் முள்ளிலவு அப்படித்தான் சிவக்கும், புரசும் அப்படித்தான். ஆனால் அவை வறட்சிக்கு இலையை உதிர்ப்பவை, வெயிலில் பூப்பவை. இந்த மரங்கள் குளிருக்கு இலையை உதிர்த்தவை. இன்று விரியும் பூவின் மொட்டு போன கோடையிலேயே கொம்பு நுனியில் உருவாகிவிட்டது. இலையுதிர் காலம், வெண்பனி, உறையும் இரவுகள் அத்தனையையும் உரோமம் மூடிய ஓர் உறைக்குள் இருந்து கடந்து வந்திருக்கிறது. அந்த உறையைத் தொட்டுப் பார்த்தேன். பூனைக்குட்டியின் காதைத் தொட்டதுபோல் இருந்தது.

அக்கா மகள் இங்கே உயிரணு ஆராய்ச்சி செய்கிறாள். அவளோடு லோகஸ்ட் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு விடுதிக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

“இந்த மரத்தத் தாண்டித்தான் சித்தி தினமும் லேபுக்குப் போறேன். மக்னோலியான்னு தெரியும். எந்த மக்னோலியான்னு கேட்டா யாருக்கும் தெரியல. போன்ல படம் எடுத்துப் போட்டா ஒரு நாள் ஒரு பேரு சொல்லுது, மறுநாள் வேற பேரு சொல்லுது.”

செங்கல் சுவரோரம் நின்றது மரம். மூன்றாம் மாடி ஜன்னலைத் தொடும் உயரம். வழுவழுப்பான சாம்பல் பட்டை. மார்பு உயரத்திலேயே பிரிந்து பக்கவாட்டில் பரவியிருந்தது. பெயர்ப் பலகை எதுவும் இல்லை. பூ வெள்ளை, இதழின் வெளிப்புறத்தில் அடியில் மட்டும் மெல்லிய ரோஜாக் கோடு. இதழ்கள் அகலமாகவும் இல்லை, நாடாவாக ஒடுங்கியும் இல்லை.

மக்னோலியாப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே தெரியும். செம்பருத்தியில் உள்ளதுபோல் பச்சைப் புல்லி தனி, நிற இதழ் தனி என்ற பாகுபாடு இதில் பெரும்பாலும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரியான இதழ்கள். நடுவே நிமிர்ந்த ஒரு தண்டு. அதன் கீழ்ப்பகுதியில் மகரந்தத் தாள்கள், மேல்பகுதியில் சூலகங்கள், இரண்டும் சுருள் வரிசையில் அடுக்கியிருக்கும். தேன் கிடையாது. மகரந்தம் தின்ன வரும் வண்டுகளை நம்பியே பூக்கிறது. வண்டு கடித்தாலும் தாங்கும்படி சூலகம் கெட்டியாக இருக்கிறது. பூக்கும் தாவரங்களில் மிகப் பழைய குடும்பங்களில் இதுவும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டில் மோம்பெலியே நகரில் வாழ்ந்த பியர் மஞ்ஞோல் என்ற தாவரவியலாளரை நினைத்துத்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த காலத்துக்கும் மரத்தின் வயதுக்கும் பல கோடி ஆண்டு தூரம்.

அமெரிக்க வளாகங்களில் அதிகம் தென்படுவது கிண்ண வடிவப் பூவுள்ள மக்னோலியா. நெப்போலியன் படையில் குதிரைப்படை அதிகாரியாக இருந்து, பிறகு பாரிஸ் அருகே ஃப்ரோமோன் என்ற இடத்தில் தோட்டக்கலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர் எத்தியேன் சுலாஞ்-போதேன். சீனாவின் வெள்ளை யூலான் மக்னோலியாவையும் ஊதாப் பூ மக்னோலியாவையும் 1820இல் அவர் இணைத்தார். பிறந்த மரம் 1826இல் முதன்முதலாகப் பூத்தது. லோகஸ்ட் நடைபாதையில் நாங்கள் பார்த்த கருஞ்சிவப்பு அடியுள்ள பெரிய பூக்கள் அந்த வம்சம். சுவரோர மரம் அந்த வம்சமல்ல. கிண்ணமாக நிமிராமல் இதழ்கள் நாலாபுறமும் மல்லாந்து விரிந்திருந்தன.

மரத்தடி பெஞ்சில் ஒரு சீனப் பாட்டி பேரனோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் இதழ் எண்ணுவதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பேரன் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். பாட்டிக்குச் சொந்த ஊர் ஷாங்காய். அந்த நகரத்தின் பூவே யூலான் மக்னோலியாதான். அதன் இதழை மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிடுவார்களாம். விரியாத மொட்டைக் காயவைத்து மூக்கடைப்புக்கு மருந்தாகக் கொடுப்பார்களாம். சரி, இது யூலானா என்று கேட்டேன். பாட்டி எழுந்து வந்து ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்தார். ஒன்பது விரல்களைக் காட்டினார். பிறகு பூவைக் காட்டித் தலையை ஆட்டினார். யூலானுக்கு ஒன்பதே இதழ். அதுவும் தடித்த, அகன்ற இதழ். இதிலோ பன்னிரண்டு, பதின்மூன்று. பேரன் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ரீடிங் டெர்மினல் சந்தை

ரயில் நிலையக் கொட்டகைக்குக் கீழே 1893இல் தொடங்கிய சந்தை இது. மேலே இப்போது ரயில் வருவதில்லை. கீழே வியாபாரம் நிற்கவில்லை. மீன், பாலாடைக்கட்டி, இத்தாலியப் பன்றி இறைச்சி சாண்ட்விச், கரீபியன் ஆட்டுக்கறி எல்லாம் ஒரே கூரைக்கடியில் மணக்கின்றன. லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ் குடும்பங்கள் நடத்தும் கடைகளில் வெள்ளைத் தொப்பி அணிந்த இளம்பெண்கள் மாவை நீளமாக உருட்டி, கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சாக்கி, சுட்டு, வெண்ணெயில் முக்கித் தருகிறார்கள். அந்தச் சூடான பிரெட்ஸலுக்காகவே இன்னொரு முறை இந்த ஊருக்குப் போகலாம்.

ஆப்பிளை மணிக்கணக்கில் காய்ச்சிக் கருக்கிய ஒரு களியைப் பாட்டிலில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார் ஒரு வயதான விவசாயி. மரங்களைப் பார்க்கத்தான் ஊர் சுற்றுகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. “மக்னோலியா பூத்திடுச்சா? அப்போ என் பீச் மரமும் கண் திறந்திருக்கும். வார இறுதிக்குள்ள ஒரு உறைபனி இருக்குன்னு சொல்றாங்க” என்றார். நகரத்தில் எல்லோரும் வெயில் வந்ததென்று கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நாள் அது. அவர் மட்டும் வானிலையைப் பற்றித்தான் பேசினார். நம் ஊரில் மாம்பூ எடுக்கும் நேரத்தில் மேகம் கறுத்தால் தோட்டக்காரர் பேசும் குரல் அது.

பார்ட்ராம் தோட்டம்

நகரத்தின் தென்மேற்கு விளிம்பில், ஸ்கூல்கில் ஆறு வளையும் இடத்தில் ஒரு பழைய கல்வீடு இருக்கிறது. ஜான் பார்ட்ராம் என்ற விவசாயி 1728இல் இந்த நிலத்தை வாங்கினார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். உழுதுகொண்டே தாவரவியல் கற்றார். குதிரையேறிக் கிழக்கு அமெரிக்காவின் காடுகளையெல்லாம் அலசினார். கிடைத்த விதைகளைப் பெட்டி பெட்டியாக லண்டனில் பீட்டர் காலின்சன் என்ற துணி வியாபாரிக்கு அனுப்பினார். அவரும் குவேக்கர், அவரும் செடிப் பைத்தியம். இங்கிலாந்துச் சீமான்களின் பூங்காக்களில் அமெரிக்க மரங்கள் நின்றது இந்த இரண்டு நண்பர்களால். 1765இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பார்ட்ராமைத் தன் தாவரவியலாளராக நியமித்தார். அதே ஆண்டில்தான் பார்ட்ராமும் மகன் வில்லியமும் ஜார்ஜியாவின் ஆல்டமஹா ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைப் பூ மரத்தைக் கண்டார்கள். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நினைவாக அதற்கு ஃபிராங்க்ளினியா என்று பெயர். 1803க்குப் பிறகு அதைக் காட்டில் யாரும் பார்க்கவில்லை. இன்று உலகில் உள்ள ஃபிராங்க்ளினியா அனைத்தும் பார்ட்ராம் குடும்பம் சேகரித்த விதையின் வழிவந்தவை. இந்த ஒரு மரத்துக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டியவர் ஓர் இளைஞர். அவரிடம் எங்கள் சுவரோர மரத்தின் படத்தைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கக்கூட இல்லை.

“இலை இருக்கா?”

“இல்லை.”

“அப்போ எங்க ஊர் மரம் இல்லை.”

விளக்கம் கேட்டபோதுதான் என் தேடலின் முதல் கதவு சரியாகத் திறந்தது. கிழக்கு அமெரிக்காவுக்கே உரிய இலையுதிர் மக்னோலியாக்கள் பல உண்டு. பார்ட்ராம் 1736இல் காலின்சனுக்கு அனுப்பிய வெள்ளரி மக்னோலியா அவற்றில் ஒன்று. அதன் பிஞ்சுக்காய் வெள்ளரிப் பிஞ்சை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். கொம்பு நுனியில் குடை விரித்ததுபோல் இலை விடும் குடை மக்னோலியா ஒன்று. முழக்கணக்கில் நீளும் இலையுள்ள பேரிலை மக்னோலியா இன்னொன்று. இவை எல்லாமே இலை விட்டபின், அல்லது இலையோடு சேர்ந்து, மே மாதத்தை ஒட்டிப் பூப்பவை. வெற்றுக் கொம்பில் பூப்பவை ஆசியாவின் மரங்கள், அல்லது அந்த மரங்களுக்குப் பிறந்த கலப்பினங்கள். ஏன் இரண்டு கண்டங்களில் மட்டும் இந்தக் குடும்பம் இப்படிச் செழித்தது? ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே 1859இல் இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தார். ஜப்பானின் காடும் கிழக்கு அமெரிக்காவின் காடும் உடன்பிறந்தவை என்றார். ஒரு காலத்தில் வட அரைக்கோளம் முழுதும் தொடர்ந்து கிடந்த காடு, பனியுகங்களில் துண்டுபட்டது. ஐரோப்பாவில் மக்னோலியா அழிந்தே போனது. புதைபடிவம் மட்டும் மிச்சம். மஞ்ஞோல் பிறந்த நாட்டில் அவர் பெயருள்ள மரம் இயற்கையாக ஒன்றுகூட இல்லாமல் போனது இதனால்தான்.

ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் சங்கோஃபா சமுதாயப் பண்ணை. அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் தங்கள் மூதாதையர் பயிர்களை இங்கே வளர்க்கிறார்கள். பாத்தி கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா மே மாதம் வெண்டை விதைக்கப் போவதாகச் சொன்னார். வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு இங்கே வந்த பயிர். “உங்க ஊர்ல எப்படிச் சமைப்பீங்க?” என்று கேட்டார். புளிக்குழம்பைப் பற்றிச் சொன்னேன். வழவழப்பு போகப் புளியா என்று ஆச்சரியப்பட்டார். அவர்கள் அந்த வழவழப்புக்காகவே கறிக்குழம்பில் போடுகிறார்களாம். மண்வெட்டியை ஊன்றியபடி நின்று அவர் சமையல் சொல்லச் சொல்ல, ஆற்றுக்கு அப்பால் நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்கள் வெயிலில் தெரிந்தன.

மறுபடியும் சுவரோரம்

விவசாயி சொன்னதே நடந்தது. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. விடிந்து பார்த்தால் வளாகத்தில் பூத்திருந்த மக்னோலியா அத்தனையும் பழுப்பு. இதழின் திசுக்களில் இருந்த நீர் உறைந்து செல்கள் உடைந்து, வெயில் ஏறியதும் துவண்டு தொங்கின. மார்ச்சில் பூக்கும் மரத்துக்கு இந்த ஆபத்து எந்த ஆண்டும் உண்டு. அக்கா மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு ராத்திரியில சித்தி” என்றாள்.

மரத்தடியில் தோட்டப் பராமரிப்பு ஊழியர் ஒருவர் நீண்ட கத்தரியோடு நின்று, ஜன்னலை உரசும் கொம்புகளை நறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். தெற்கு பிலடெல்பியாக்காரர். பூ போய்விட்டதே, இனி மரத்தை எப்படி அடையாளம் காண்பது என்று அக்கா மகள் கேட்டாள். அவர் கத்தரியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே கிடந்த ஒரு கொம்பை எடுத்துக் கொடுத்தார்.

“பூ போனா என்னம்மா? கொம்பு இருக்குல்ல. மரத்தோட கைரேகை அதுலதான் இருக்கு.”

பிறகு கால் மணி நேரம் அவர் நடத்திய பாடம் எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தது. கொம்பைச் சுற்றி, ஒவ்வொரு பழைய இலைத் தழும்புக்கும் நேராக, மெல்லிய முழு வளையம் ஒன்று ஓடுகிறது. இலைக் குருத்தை மூடியிருந்த இலையடிச்செதில் உதிர்ந்த தடம் அது. இந்த வளையம் இருந்தால் மக்னோலியாக் குடும்பம் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஆச்சி வீட்டுக் கொல்லையில் நின்ற செண்பக மரம் கண்முன் வந்தது. செண்பகக் கொம்பிலும் இதே வளையம் உண்டு. குற்றாலத்துச் செண்பகாதேவி அருவிக்குப் பெயர் கொடுத்த மரம், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் வரிசையில் சேர்த்த மரம். முன்பு அதை மிச்சேலியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு மக்னோலியாவிலேயே சேர்த்துவிட்டார்கள். நீலகிரிச் சோலைக்காடுகளில் வெள்ளையாகப் பூக்கும் காட்டுச் செண்பகமும் அதே வழிதான். செண்பகம் இலைக்கக்கத்தில் பூக்கும், பச்சை மாறாமல் நிற்கும். இது கொம்பு நுனியில் பூக்கிறது, இலையை உதிர்க்கிறது. மற்றபடி வளையமும் உரோமம் மூடிய மொட்டும் காய்க்கொத்தும் வெடித்தால் தொங்கும் சிவப்பு விதையும் இரண்டுக்கும் பொது. தென்காசியிலிருந்து இத்தனை தூரம் வந்து ஓர் உறவுக்கார மரத்தின் முன்னால் நிற்கிறேன் என்பது அந்த வளையத்தைத் தொட்டபோதுதான் உறைத்தது.

அவர் மேலே போனார். நுனியில் பருத்த மொட்டு பூவுக்கு. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறுமொட்டு இலைக்கு. இலைமொட்டை உருட்டிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய ரோமம் விரலில் தட்டியது. “வில்லோ இலை மக்னோலியான்னு ஜப்பான்ல ஒண்ணு இருக்கு. அதுக்கு இலைமொட்டு மொழுமொழுன்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டு நகத்தால் பட்டையைச் சுரண்டி மூக்கருகே நீட்டினார். பச்சை வாசனை, லேசான காரம். வில்லோ இலை மக்னோலியா என்றால் எலுமிச்சையும் சோம்பும் கலந்த வாசனை தூக்கியடிக்குமாம். ஆக அது கழிந்தது.

அடுத்து அவர் செய்த காரியம்தான் அருமை. உறைபனி விரிந்த பூக்களைத்தான் கொன்றிருந்தது. உறைக்குள் இருந்த மொட்டுகளை அது தொடவில்லை. நறுக்கிய கொம்பில் இருந்த ஒரு மொட்டின் உரோம உறையைச் சின்னக் கத்தியால் கீறி விலக்கினார். உள்ளே ஈரமான வெள்ளை இதழ்கள் இறுக மடிந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். பதின்மூன்று. எல்லாம் ஒரே நீளம். “கோபஸ் மக்னோலியாவா இருந்தா பெரிய இதழ் ஆறுதான். வெளிச்சுத்துல மூணு சின்னதா, புல்லி மாதிரி இருக்கும், சீக்கிரம் உதிர்ந்துடும். இதுல அந்த மூணு இல்ல.” அப்படியானால் நட்சத்திர மக்னோலியாவா என்று கேட்டேன். மரத்தை அண்ணாந்து பார்த்தார். “நட்சத்திரம் பொதுவா புதரா நிக்கும். இவ்வளவு உயரமா எழும்பறது அபூர்வம். இதழும் அதுக்கு இதைவிட ஒடுக்கம்.” இரண்டுக்கும் நடுவிலே ஏதோ ஒன்று என்றார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்வார்த்மோர் போங்கள், அங்கே மரங்களுக்குப் பலகை இருக்கும் என்றார்.

அன்று இரவு அக்கா மகள் ரசம் வைத்தாள். சாப்பாட்டு மேசையில் அந்தப் பதின்மூன்று இதழ்களும் ஒரு தட்டில், தண்ணீரில் கிடந்தன.

ஸ்வார்த்மோர்

முப்பதாம் தெரு நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் நகரம் கரைந்து, ஓடைகளும் சரிவுகளும் தொடங்கிவிடுகின்றன. ஸ்வார்த்மோர் நிலையத்தில் இறங்கியதுமே கல்லூரிதான். நிலையத்திலிருந்து மேட்டின் மேலிருக்கும் பாரிஷ் மண்டபம் வரைக்கும் இருபுறமும் முதிய ஓக் மரங்கள் வரிசை கட்டிய நேர் பாதை. 1864இல் குவேக்கர்கள் தொடங்கிய கல்லூரி. பார்ட்ராம், காலின்சன், இந்தக் கல்லூரி எல்லாவற்றிலும் அந்தச் சபையின் பெயர் திரும்பத் திரும்ப வருவது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. ஆடம்பரமும் இசையும் நாடகமும் வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் மரத்தையும் செடியையும் மட்டும் ஒதுக்கவில்லை. படைப்பைக் கூர்ந்து பார்ப்பதை வழிபாட்டின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கல்லூரியின் முழு வளாகமும் ஒரு மரத்தோட்டம். காகிதத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த பழைய மாணவர் ஆர்தர் ஹாய்ட் ஸ்காட்டின் நினைவாக 1929இல் அவர் குடும்பத்தார் நிறுவியது. அரிய மரங்களைக் காட்சிக்கு வைப்பது அவர் கனவாக இருக்கவில்லை. இந்த வட்டாரத்தில் சாதாரண வீட்டுக்காரர் தன் முற்றத்தில் எதை நடலாம் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும் என்று அவர் விரும்பினார். முதல் இயக்குநர் ஜான் விஸ்டர் 1969 வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதை உருவாக்கினார். வேலி இல்லை, சீட்டு இல்லை. ஒவ்வொரு மரத்திலும் பெயர், குடும்பம், பதிவு எண் பொறித்த சிறு பலகை. நம் கல்லூரிகளில் இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலும் போதும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேப்பமரத்தடியில் நான்கு ஆண்டு படித்துவிட்டு அது வேம்பா மலைவேம்பா என்று தெரியாமல் வெளியேறும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குத் துணை வந்தவர் தன்னார்வலர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கொம்பையும் காய்ந்த இதழ்களையும் காட்டியதும் உற்சாகமாகிவிட்டார். முதலில் ஒரு நட்சத்திர மக்னோலியாவின் முன் நிறுத்தினார். என் தலை உயரப் புதர். அடர்த்தியான சிறு கிளைகள். இளங்கொம்பில் பட்டுப்போன்ற ரோமம். உறைபனியில் கருகித் தொங்கிய இதழ்கள் ஒடுங்கிய நாடாக்கள். ஜப்பானில் ஈர நிலங்களில் மட்டும், குறுகிய பகுதியில் இயற்கையாக வளர்வது இது. அடுத்து கோபஸ். நெடுமரம். கொம்புகள் பரவலாக, இதழ் ஆறு. இதுவும் ஜப்பான்தான், ஆனால் காடுகளில் உயர்ந்து நிற்கும் மரம்.

மூன்றாவது மரத்தின் முன் அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களே பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றார். மார்பு உயரத்தில் பிரியும் அடிமரம். சாம்பல் பட்டை. பரவிய கிளைகள். கோபஸின் உடம்பில் நட்சத்திரத்தின் பூ. உறைபனிக்குத் தப்பிய மொட்டுகள் மேல்கிளைகளில் அன்றுதான் விரிந்திருந்தன. அக்கா மகள் கொண்டு வந்த கொம்பை அதன் கொம்போடு சேர்த்துப் பிடித்தாள். மொட்டின் பருமன், ரோமத்தின் நிறம், வளையங்களுக்கு இடைப்பட்ட தூரம், எல்லாம் இசைந்தன. பலகையைப் படித்தோம்: லோப்னர் மக்னோலியா.

மாக்ஸ் லோப்னர் ஜெர்மானியத் தோட்டக்கலைஞர். முதல் உலகப் போருக்குச் சற்று முன், டிரெஸ்டன் அருகே பில்நிட்ஸில், கோபஸையும் நட்சத்திரத்தையும் இணைத்தவர். போர் நடந்துகொண்டிருந்த 1917இல் அந்த விதைநாற்றுகள் முதலில் பூத்தன. கோபஸை விதையிலிருந்து வளர்த்தால் பூக்க முப்பது ஆண்டுகூட ஆகும். நட்சத்திரம் இளமையிலேயே பூக்கும் ஆனால் உயராது. பிள்ளை இரண்டு பக்கத்து நல்லதையும் எடுத்துக்கொண்டது. பாஸ்டனில் ஆர்னால்டு மரத்தோட்டத்தில் கார்ல் சாக்ஸ் 1939இல் இதே இணைப்பைத் திரும்பச் செய்தார். அதன் நாற்றுகளில் ஒன்று ஐந்தே ஆண்டில் பூத்தது. ‘மெரில்’ என்று அதற்குப் பெயர். அகலமான வெள்ளை இதழ், வேகமான வளர்ச்சி. இங்கிலாந்தின் நைமன்ஸ் தோட்டத்தில் தானாகவே பிறந்த ‘லியனார்டு மெஸல்’ இன்னொன்று, அது இளஞ்சிவப்பு.

எங்கள் மரம் மெரிலா என்று அக்கா மகள் கேட்டாள். ஆசிரியை பொறுமையாகப் பதில் சொன்னார். லோப்னர் என்பது வரைக்கும் மரமே சாட்சி சொல்லும். அதற்குமேல் ரகத்தின் பெயர் கண்ணுக்குத் தெரியாது. ஒரே பெற்றோருக்குப் பிறந்த நாற்றுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எது எந்த ஒட்டு என்பதை நட்டவர் எழுதி வைத்த ஏடுதான் சொல்ல முடியும். இங்கே பலகையில் பதிவு எண் இருப்பது அதற்காகத்தான். பலகை தொலைந்தாலும் எண்ணும் வரைபடமும் இருந்தால் மரம் தன் வரலாற்றை இழக்காது.

புல்லரங்கு

புறப்படும் முன் ஆசிரியை எங்களைக் கல்லூரியின் திறந்தவெளி அரங்குக்கு அழைத்துப் போனார். மலைச்சரிவில் கல்லடுக்குப் படிகள், படிகளில் புல், படிகளுக்கு நடுநடுவே விண்ணை முட்டும் நேரான மரங்கள். தாமஸ் சியர்ஸ் வடிவமைத்தது, 1942இல் கட்டி முடித்தார்கள். பட்டமளிப்பு விழா இங்கேதான். மாணவர்கள் புல்லில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டையும் போர்த்தியிருந்தாள்.

கீழே விழுந்த ஒரு கொம்பை ஆசிரியை எடுத்து நீட்டினார். திருப்பிப் பார்த்த அக்கா மகள், “சித்தி, வளையம்!” என்று கத்தினாள். துலிப் மரம். மக்னோலியாக் குடும்பத்தில் இப்போது இரண்டே பேரினங்கள்: ஒன்று செண்பகத்தையும் சேர்த்துக்கொண்ட மக்னோலியா, மற்றொன்று இந்தத் துலிப் மரம். இதிலும் வாழ்வது இரண்டே இனங்கள். ஒன்று கிழக்கு அமெரிக்காவில், ஒன்று சீனாவில். பார்ட்ராம் தோட்டத்து இளைஞர் சொன்ன பனியுகக் கதை இங்கேயும் அப்படியே இருந்தது. இந்த மரம் அமெரிக்க வழக்கப்படி இலை விட்டபின், மே கடைசியில், பச்சையும் ஆரஞ்சும் கலந்து பூக்கும். அவ்வளவு உயரத்தில் பூப்பதால் பட்டம் வாங்க வருகிறவர்கள் உதிர்ந்த இதழைப் பார்த்துத்தான் அண்ணாந்து பார்ப்பார்களாம்.

ரயிலில் ஏறியதுமே அக்கா மகள் போனை எடுத்து வளாகப் பராமரிப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தட்டத் தொடங்கினாள். விடுதியின் பின்சுவரோரம் நிற்கும் மரம் லோப்னர் மக்னோலியா. உயரம் மூன்றாம் மாடி ஜன்னல் வரை. இதழ் பதின்மூன்று, எல்லாம் சம நீளம். வெளிச்சுற்றில் சிற்றிதழ் இல்லை. இலைமொட்டில் ரோமம் உண்டு. நடவு ஏட்டில் ரகத்தின் பெயர் இருக்கிறதா பார்த்துச் சொல்ல முடியுமா. ஒரு பலகை வைக்க முடியுமா. செப்டம்பரில் காய் வெடிக்கும்போது சிவப்பு விதையையும் படம் எடுத்து அனுப்புவதாகச் சேர்த்தாள்.

“பட்டையச் சுரண்டினா என்ன வாசனைன்னும் எழுதட்டா சித்தி?”

“எழுது. எலுமிச்சை வாசனை இல்லைன்னு தெளிவா எழுது” என்றேன்.